மூன்று ரலிக்குப் போகாமலே சம்பியன்

கார் ஓட்டப் போட்டி என்றாலே எங்கட பெடியளுக்கு ஃபோர்மியுலா வண் மட்டும்தான். வெர்ஸ்டாப்பனுக்கும் ஹமில்டனுக்கும் சண்டை பிடிக்கிற வட்ஸ்அப் குழுக்களில் ரலியைப் பற்றி ஒரு வரி போட்டுப் பாருங்கள், ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம். அதனால்தான் 2025 நவம்பர் கடைசியில் சவுதி அரேபியாவில் நடந்த விஷயம் எங்கட பக்கம் பேசப்படாமலே போனது. செபாஸ்தியான் ஓஜியே என்ற பிரெஞ்சுக்காரர், 41 வயதில், ஒன்பதாவது தடவையாக உலக ரலி சம்பியன் ஆனார். புதினம் என்னவென்றால், அவர் நாலு வருசத்துக்கு முன்பே முழுநேரப் போட்டியை விட்டவர். அந்தப் பருவத்தின் 14 ரலிகளில் 11க்குத்தான் போனார். 14க்கும் போன எல்வின் எவன்ஸ் 4 புள்ளியால் தோற்றார்.

இதற்குப் பிறகு இரண்டு கதை ஓடியது. ஒன்று, "பாருங்கோ, அரைவாசி வேலை செய்தே வெல்லுறான், இவன்தான் மன்னன்". மற்றது, "இது அநியாயம், வருசம் முழுக்க உழைச்சவனுக்குத்தான் பட்டம் போயிருக்க வேணும்". இரண்டுமே பிழையான ஆளைப் பார்த்துப் பேசுகிற கதை என்றுதான் எனக்குப் படுகுது.

முதலில் முழுநேரம் என்றால் என்ன என்று பார்ப்போம். ரலி வட்டமான ஓடுபாதையில் நடக்கிறது இல்லை. மலைப்பாதை, காட்டுப்பாதை, பனி, புழுதி, சேறு. சாதாரண ரோட்டைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு காராக விடுவார்கள், நேரத்தைத்தான் கணக்கெடுப்பார்கள். சாரதிக்குப் பக்கத்தில் ஒருத்தர் இருந்து அடுத்த வளைவு என்னவென்று வாசித்துக்கொண்டே வருவார். அந்தக் குறிப்புகளை எழுத, போட்டிக்கு முன்பே இரண்டு நாள் அதே பாதையை மெதுவாக ஓடிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு நாள் கார் சோதனை, பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு போட்டி. ஒரு ரலி என்றால் ஒரு முழுக் கிழமை. அதை 14ஆல் பெருக்கி, இடையில் வருகிற கார் சோதனைகளையும் விளம்பர வேலைகளையும் சேர்த்துப் பாருங்கள். கென்யா, பரகுவே, சிலி, ஜப்பான் என்று பயணம் வேற.

ஓஜியே இதை எட்டு சம்பியன் பட்டம் எடுக்கும்வரை செய்தார். 2013 முதல் 2016 வரை வொக்ஸ்வாகனோடு நாலு. அந்தக் கொம்பனி திடீரென்று ரலியை விட்டுப் போனதும், எம்-ஸ்போர்ட் என்ற சின்ன அணியின் ஃபோர்ட் காரில் 2017, 2018. பிறகு டொயோட்டாவில் 2020, 2021. அவர் 2020 முடிவிலேயே நிறுத்துகிற எண்ணத்தில் இருந்தவர். கொவிட் வந்து அந்த வருசம் ஏழு ரலியோடு சுருங்கிப்போனதால் இன்னும் ஒரு வருசம் இருந்தார். 2021இல் இத்தாலியின் மொன்சாவில் கடைசி ரலியையும் வென்று, எட்டாவது பட்டத்தையும் எடுத்துவிட்டு, குடும்பத்தோடு இருக்க நேரம் வேண்டும் என்று முழுநேரத்தை விட்டார். அதன்பிறகு விரும்பின ரலிகளுக்கு மட்டும் டொயோட்டாவோடு வருகிறார்.

இந்த இடத்தில் எல்லாரும் மறக்கிற ஒருத்தர் இருக்கிறார். ஜூலியன் இங்ராசியா. 2006இலிருந்து ஓஜியேக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பு வாசித்தவர். எட்டுப் பட்டமும் அவருக்கும் சேர்த்துத்தான். அவரும் அதே மொன்சாவில்தான் நிறுத்தினார், ஆனால் அரைவாசி அல்ல, முழுசாக. சாரதி பின்வாங்கினால் செய்தி, பக்கத்து சீட்டுக்காரர் போனால் கடைசி வரி. ஓஜியேயின் ஒன்பதாவது பட்டம் வன்சான் லண்டே என்ற வேறொருவரோடு வந்தது. ஒன்பது பட்டம் எடுத்த சாரதி என்று சொல்லும்போது, அதில் எட்டு வேறொரு குரலைக் கேட்டு ஓட்டியது என்பதையும் ஒருக்கா நினைக்கலாம்.

அரைவாசியாக விலகுவதை ஓஜியே கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முந்திய மற்ற செபாஸ்தியான், அதாவது லோப், 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம் எடுத்துவிட்டு 2013இல் நாலே நாலு ரலிக்கு வந்தார், இரண்டை வென்றார். அதோடு விடவில்லை. 2022 ஜனவரியில் மொன்டே கார்லோவுக்கு வந்து, 47 வயதில், ஓஜியேயையே 10.5 செக்கனால் தோற்கடித்தார். பக்கத்தில் இருந்து குறிப்பு வாசித்த இசபெல் கல்மிஷ் தொழிலால் ஒரு கணித ஆசிரியை. (இந்த ஒரு ரலியை மட்டும் தேடிப் பாருங்கள். ரலி பிடிக்காது என்கிற ஆக்களுக்கு நான் காட்டுகிறது அதைத்தான்.)

சரி, இதெல்லாம் வயசு போன ஆக்களின் கதை என்று நினைக்கலாம். அப்படியென்றால் கல்லே ரோவன்பெராவை என்ன செய்வது? பின்லாந்துக்காரர், 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிறந்தவர். எங்கட வயசு எண்டே சொல்லலாம். 22 வயதும் ஒரு நாளும் ஆனபோது உலக சம்பியன், வரலாற்றிலேயே இளையவர். அடுத்த வருசமும் சம்பியன். அதற்குப் பிறகு 23 வயதில் "2024இல் நான் முழுநேரம் ஓடமாட்டன்" என்றார். கொஞ்சம் மூச்சு விட வேணும், வேற கார்களும் ஓட்டிப் பாக்க வேணும் என்பதுதான் காரணம். அந்த வருசம் போலந்து ரலிக்கு முன் பாதை பார்க்கப்போன இடத்தில் ஓஜியே விபத்தில் சிக்க, ஓய்வில் இருந்த ரோவன்பெராவை அவசரமாகக் கூப்பிட்டார்கள். சரியான ஆயத்தம் இல்லாமலே வந்தார், ரலியை வென்றுவிட்டுப் போனார். 2025இல் முழுநேரமாகத் திரும்பி வந்தவர், அந்தப் பருவத்தோடு ரலியையே விட்டு ஜப்பானில் சுற்றுப்பாதைக் கார்களுக்குப் போக முடிவெடுத்தார்.

ஓஜியே நிறுத்தினால் "குடும்பம், பாவம், களைச்சுப்போனார்" என்கிறோம். ரோவன்பெரா நிறுத்தினால் "இந்த வயசில என்ன களைப்பு?" என்று கேட்கிறார்கள். எட்டு வயதிலிருந்தே கார் ஓட்டப் பழகின ஒரு பெடியன் 23இல் களைக்கக்கூடாது என்று யார் சொன்னது? களைப்பு வயசுக் கணக்கில் வருவதில்லை. ஆனாலும் அந்தக் களைப்பைச் சொல்ல ஒரு தகுதி தேவைப்படுகிறது என்பதுதான் உண்மை. ரோவன்பெரா சொல்லும்போது கையில் இரண்டு உலகப் பட்டம் இருந்தது. ஓஜியேயிடம் எட்டு. அணியே "நீ விரும்பினபோது வா, கார் இருக்கு" என்று சொல்லும்.

எவன்ஸுக்கு அப்படிச் சொல்வார்களா?

வேல்ஸ்காரர் எல்வின் எவன்ஸ் 2020, 2021, 2023, 2024, 2025 என்று ஐந்து தடவை இரண்டாமிடம் வந்தவர். அதில் மூன்று தடவை தோற்றது ஓஜியேயிடம், அதுவும் ஒரே அணியில் இருந்துகொண்டு. 2020இல் கடைசி ரலிக்குப் போகும்போது 14 புள்ளி முன்னால் இருந்தார். மொன்சாவில் பனி படிந்த ரோட்டில் கார் வழுக்கிக் கீழே போனது, பட்டமும் போனது. 2025இல் கடைசி ரலிக்கு 3 புள்ளி முன்னால் போய், 4 புள்ளி பின்னால் முடித்தார். அந்த வருசம் அவர் வென்ற இரண்டு ரலிகள் சுவீடனும் கென்யாவும். இரண்டுக்குமே ஓஜியே வரவில்லை. இதைச் சொல்லி எவன்ஸைப் பகிடி பண்ணுகிற ஆக்களும் இருக்கினம். எனக்கென்றால் அதில் பகிடி தெரியவில்லை.

இப்போதுதான் விதிக்கு வருகிறேன், உண்மையான பிரச்சினை அங்கேதான் கிடக்கு. வெள்ளிக்கிழமை கார்கள் புறப்படுகிற ஒழுங்கு சம்பியன்ஷிப் புள்ளிப்படி. முன்னணியில் இருப்பவர் முதலில் போக வேண்டும். தார் ரோட்டில் அது நல்லது. பின்னால் வருகிற கார்கள் வளைவை வெட்டி மண்ணை ரோட்டில் இழுத்து விடும், முதலாவது ஆளுக்கு அந்தத் தொல்லை இல்லை. கிரவல் ரோட்டில் கதை தலைகீழ். மேலே கிடக்கிற தளர்ந்த கல்லையும் புழுதியையும் முதலில் போகிறவரின் டயர்தான் கூட்டித் தள்ளும். அவருக்குப் பிடிமானம் இல்லை. பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் ரோட்டு துப்புரவாகிக்கொண்டே போகும். சுருக்கமாகச் சொன்னால், முன்னுக்கு நிற்கிறவரின் கையில் தும்புத்தடியைக் குடுத்து "நீ கூட்டிக்கொண்டு போ, மற்றாக்கள் வடிவா வருவினம்" என்று சொல்கிற விதி. உலக ரலிகளில் அரைவாசிக்கு மேல் கிரவல்தான்.

ஒரே ஆள் எல்லாவற்றையும் வென்றுகொண்டு போகாமல் இருக்க இது ஒரு வழி, அது விளங்குது. எல்லாரும் எல்லா ரலிக்கும் வரும்வரை ஓரளவு நியாயமும் கூட. ஒருத்தர் சிலதுக்கு வராமல் விட்டால் அவருடைய மொத்தப் புள்ளி குறைவாகவே நிற்கும். அதனால் வருகிற இடங்களில் பின்னால் புறப்படுவார், கூட்டின ரோட்டில் ஓடுவார். 2025இன் பெரும்பகுதியில் முன்னணியில் நின்று ரோட்டுக் கூட்டினது எவன்ஸ்தான். ஓஜியே பருவத்தின் நடுவிலேயே மேலே ஏறி வந்துவிட்டார், எனவே கடைசிவரை அவருக்குச் சுத்தமான ரோட்டு கிடைத்தது என்று சொல்ல ஏலாது. ஆனால் 4 புள்ளி வித்தியாசத்தில் முடிந்த பட்டத்தில் ஒன்றிரண்டு வெள்ளிக்கிழமைகளே போதும்.

இதில் ஒரு முரண் இருக்கு. 2015, 2016இல் இந்த விதி இன்னும் கடுமையாக இருந்தது. முன்னணியில் நிற்பவர் வெள்ளி மட்டுமில்லாமல் சனிக்கிழமையும் முதலில் போக வேண்டும். அப்போது முன்னணியில் நின்றது ஓஜியே. இது அநியாயம் என்று உரக்கக் கத்தினதும் அவர்தான். பத்து வருசத்துக்குப் பிறகு அதே விதியின் மற்றப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்பதாவது பட்டம். இதற்காக அவரைக் கள்ளன் என்று சொல்ல மாட்டேன். விதி அப்படி, அவர் அதற்குள் ஓடினார். ஆறு ரலி வென்றிருக்கிறார். தும்புத்தடி கையில் இல்லாவிட்டால் மட்டும் ஆறு ரலி வெல்ல ஏலாது.

நான் கேட்பது ஒரு சின்ன மாற்றம். வெள்ளிக்கிழமை ஒழுங்கை மொத்தப் புள்ளிப்படி வைக்காமல், ஓடின ரலிகளின் சராசரிப்படி வையுங்கள். 2025 முடிவை எடுத்தால் ஓஜியே 293 புள்ளி, 11 ரலி. சராசரி 26.6. எவன்ஸ் 289, 14 ரலி. சராசரி 20.6. யார் வேகம், யார் முன்னால் போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சரியாகச் சொல்கிறது. ஒரேயொரு ரலிக்கு வந்து நல்லாச் செய்த புதுப் பெடியன் அடுத்த தடவை முதலில் போக வேண்டி வருமே என்று கேட்கலாம். குறைந்தது மூன்று ரலி ஓடினவர்களுக்கு மட்டும் என்று ஒரு எல்லை வைத்தால் அதுவும் முடிந்தது. பட்டத்தை எல்லா ரலிக்கும் வருகிறவருக்கு மட்டும் குடுக்க வேணும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அது விலகுகிறவரைத் தண்டிக்கிற விதி. பிள்ளை பெற்றவர், காயப்பட்டவர், களைத்தவர் எல்லாரையும் சேர்த்துத் தண்டிக்கும்.

விலகுவதால் வேறொரு நன்மையும் வருகிறது. ஓஜியே வராத எஸ்தோனிய ரலியில் 2025இல் டொயோட்டா காரில் ஏறினது ஒலிவர் சோல்பெர்க், 23 வயது. முதல் மட்டக் காருக்கு அவர் திரும்பி வந்ததே அந்த ஒரு ரலிக்குத்தான். வந்த கையோடு வென்றார். 2026க்கு முழுநேர இடமும் கிடைத்தது.

சராசரிக் கணக்கு வந்தால் கிரவலில் முதல் கல்லைக் கூட்டப் போறது பெரும்பாலும் ஓஜியேதான். அவர் அப்பவும் வெல்லலாம். 2015இலும் 2016இலும் கூட்டிக்கொண்டேதானே சம்பியன் ஆனவர்.