‘இருக்கலாம்’ என்பது நோயறிதல் அன்று

தமிழில் ‘லாம்’ என்று முடியும் வினை மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘மழை வரலாம்’ என்பது ஐயம். ‘நீங்கள் போகலாம்’ என்பது இசைவு. ‘நாம் போகலாம்’ என்பது அழைப்பு. தெலுங்கின் ‘வச்சு’ முதலிரண்டையும் சுமக்கிறது: ‘உண்டவச்சு’ என்றால் இருக்கலாம், ‘தினவச்சு’ என்றால் தின்னலாம். இவ்விரு மொழிகளும் புழங்கும் சித்தூரில், நாட்பட்ட வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் கொண்ட ஒருவர் மருத்துவரின் அறையிலிருந்து இரண்டு வாக்கியங்களோடு வெளியே வருகிறார் என்று கொள்வோம்: “சீலியாக் நோயாக இருக்கலாம். கோதுமையை விட்டுப் பார்க்கலாம்.” முதல் ‘லாம்’ ஐயம். இரண்டாவது ஆணையா, ஆலோசனையா, சோதனையா? எத்தனை நாள்? பார்க்க வேண்டியவர் யார்? சீட்டில் விடை இல்லை.

கொடுமை என்னவென்றால், இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்துக்கே குழி பறிக்கிறது. டி.டி.ஜி. எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியே முன்சிறுகுடலில் எடுக்கும் திசுப் பரிசோதனையும் நோயாளி கோதுமை உண்டுவரும் காலத்தில்தான் நம்பத்தக்க விடை தரும். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் மாதங்களில் குறையும். சிதைந்த குடலுறிஞ்சிகள் மெல்லத் தேறும். அதன்பின் வரும் ‘இல்லை’ என்ற முடிவுக்கு நோயே இல்லை என்றும் பொருள், நோய் அடங்கியிருக்கிறது என்றும் பொருள். ஐயத்தைத் தீர்க்க மீண்டும் சில வாரங்கள் கோதுமை உண்ண வேண்டும். உடல் தேறிய எவர் அதற்கு இசைவார்?

“இது வடநாட்டு நோய்” என்னும் சமாதானம் உடனே எழும். அதற்குச் சான்றும் உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று, சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் இருப்பதாகக் கண்டது. ஆனால் அதே ஆய்வைத் தொடர்ந்து படிக்க வேண்டும். நோய்க்கு இடந்தரும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் வடக்கில் 38.1 விழுக்காடு, தெற்கில் 36.4 விழுக்காடு, ஏறத்தாழ நிகர். மலையளவு வேறுபட்டது கோதுமை: நாளொன்றுக்கு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். ஆக, தெற்கைக் காத்தது குருதியன்று, இலையில் விழுந்த சோறு என்றே கருத இடமிருக்கிறது. சர்க்கரை நோய்க்குச் சப்பாத்தி, இரவுக்குப் பரோட்டா, காலையில் ரவை உப்புமா என்று இலை மாறிய பின்னும் பழைய சமாதானத்தையே ஓதுவது அறிவியலாகாது. அரிய நோய் என்பதால் பரிசோதனையை முடிக்காமல் விடுவதும் நியாயமாகாது. அரிதென்றால் உறுதிப்படுத்தும் கடமை கூடுகிறது.

ஏனெனில் குடலுறிஞ்சிகள் சிதைவது சீலியாக்கில் மட்டுமன்று. 1960களில் வடஆர்க்காட்டுச் சிற்றூர்களில் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கரும் மாத்தனும் ஆராய்ந்தனர். அதற்கு மருந்து டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும். கோதுமை விலக்கு அன்று. குடல் காசநோயையும் மறந்துவிடக் கூடாது. அரைகுறை ‘இருக்கலாம்’ ஒருவரை வாழ்நாள் பத்தியத்துக்கு வீணே ஆளாக்கலாம். இன்னொருவரின் தீரக்கூடிய நோயைத் தீராமல் விடலாம்.

உண்மையாகவே சீலியாக் என்றால், பத்தியமும் ஒற்றை வரியில் அடங்குவதன்று. குளூட்டன் இருப்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில். ரையைக் ‘கம்பு’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. கம்பில் குளூட்டன் இல்லை. ராகிக் களி உண்ணும் மண்ணில் இது நல்ல செய்திதான். ஆனால் கோதுமை அரைத்த மில்லிலேயே ராகியும் அரைபடுகிறது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலக்கிறது. இவற்றைச் சொல்ல உணவியலாளர் வேண்டும். டி.டி.ஜி. அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு, எலும்பின் அடர்த்தி ஆகியவற்றையும், உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

வசதியே இல்லை என்றால் குரல் தாழலாம். திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனையில் இரைப்பைக் குடலியல் துறை இருக்கிறது; சித்தூரிலிருந்து எல்லை தாண்டினால் வேலூர் 35 கிலோமீட்டர் அளவில்தான். இல்லாதது தொடர்ச்சி. ஓரிடத்து இரத்தப் பரிசோதனை, ஓரிடத்து எண்டோஸ்கோப்பி, ஓரிடத்து அறிவுரை. மூன்றையும் ஒருசேரப் படிப்பவர் எவருமில்லை. கோப்பைச் சுமப்பவர் நோயாளி. அதில் உள்ள ஆங்கிலம் அவருக்கு எழுதப்பட்டதன்று.

ஏழை நோயாளியிடம் எண்டோஸ்கோப்பி கேட்பது இரக்கமற்றது, பத்தியம் செலவில்லாதது என்பார் உண்டு. ஒருநாள் கூலியை இழந்து பேருந்தேறியவருக்கு முடிவற்ற ஐயமே பெருஞ்செலவு. தவிர, கோதுமையை நிறுத்துமுன் டி.டி.ஜி.யும் மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் பார்க்க ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்தால் போதும். மொத்த ஐ.ஜி.ஏ. குறைந்தவரிடம் டி.டி.ஜி. பொய்யாக ‘இல்லை’ எனும் என்பதால் இரண்டும் தேவை.

ஆகவே கேட்பது பெரிதன்று. ‘இருக்கலாம்’ என்று எழுதும் கை அதன் கீழே மூன்று வரிகள் எழுதட்டும், நோயாளி படிக்கும் மொழியில்: எந்தப் பரிசோதனை மீதமிருக்கிறது, அதுவரை கோதுமை உண்ண வேண்டுமா, கூடாதா, எந்த நாளில் யாரிடம் திரும்ப வர வேண்டும். ஐயப்படுவது மருத்துவத்துக்கு இழுக்கன்று. ஐயத்தை நோயாளியின் பையில் போட்டு அனுப்பிவிட்டு, அடுத்தவரை உள்ளே அழைப்பதுதான் இழுக்கு.