தற்காலிகம் என்னும் நிரந்தரம்

சாரல் பருவத்தில் ஐந்தருவியின் முன் நிற்பவர்க்கு நீரின் குளிர்ச்சி தெரியும். அதன் வலிமை தெரிவதில்லை. ஐந்து கிளைகளாய் விழுந்து சிற்றாற்றில் கலக்கும் அந்நீர், சீவலப்பேரியருகே தாமிரபரணியை அடைகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையால் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலை அரித்துச் செல்லப்பட்டுப் போக்குவரத்துத் துண்டிக்கப்பட்டது. அருவியில் நம்மை மகிழ்விக்கும் நீரே, ஆற்றில் நாம் கட்டியவற்றைச் சோதிக்கவும் செய்கிறது.

வெள்ளம் வடிந்தபின் செய்யப்படும் தற்காலிகச் சீரமைப்பை நாம் குறைகூறவில்லை. மணல் மூட்டைகளை அடுக்கியேனும் வழி திறந்தாக வேண்டும். நோயாளியும் மாணவரும் காத்திருக்க இயலாது. நம் வினா வேறு: அந்தத் தற்காலிகம் எந்நாளில் முடிவுறும்?

பாலத்தின் நோய் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதது. கான்கிரீட்டின் வெடிப்பு வழியே நீர் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தைக் கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். வெள்ளமோ தூணின் அடிமணலைப் பறித்துச் செல்லும். மேலே சிமெண்டு பூசி வண்ணம் தீட்டினால் இந்நோய்கள் தீரமாட்டா, மறைந்திருக்கும். மறைந்த நோய் வெளிப்பட்ட நோயினும் கொடிதன்றோ!

குஜராத் மாநிலத்து மோர்பி இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அவ்வூர்த் தொங்குபாலம், பழுதுபார்க்கப்பட்டு 2022 அக்டோபர் 26இல் திறக்கப்பட்டது. நான்கே நாள்களில், 30ஆம் நாள் மாலை, அறுந்து வீழ்ந்தது. 135 பேர் மாண்டனர். முதன்மை வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 துருவேறியிருந்ததையும், அவை முன்னரே அற்றிருக்கக்கூடும் என்பதையும் சிறப்புப் புலனாய்வுக் குழு சுட்டிக்காட்டியது. நடைதளம் புதிது, அதைத் தாங்கிய வடமோ பழையது.

இதற்கு மாறானது பாம்பன். 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த இரயில் பாலத்தை, இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் மீட்டனர். விரைவு வேறு, அரைகுறை வேறு என்பதை அப்பணி உணர்த்தியது. அதே பாலத்தின் தூக்குப் பகுதியில் 2022 டிசம்பரில் பழுது தென்பட்டதும் இரயில்கள் நிறுத்தப்பட்டன. இராமேசுவரம் மக்கள் ஈராண்டுக்கு மேல் இடருற்றனர். எனினும் பழுதான பாலத்தின்மீது எவருடைய உயிரும் பணயம் வைக்கப்படவில்லை. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. திறப்புக்கு முன்னரே, 2024 நவம்பரில், இரயில்வே பாதுகாப்பு ஆணையர் அதன் குறைகளை எழுத்தில் வைத்தார். குறையை முன்கூட்டி உரைப்பது பாலத்திற்கு இழுக்கன்று, காப்பாகும்.

ஆதலின் நாம் வேண்டுவது எளியதே. தற்காலிகமாகச் சீரமைத்த ஒவ்வொரு பாலத்தின் அருகிலும் ஒரு பலகை நிற்கட்டும்: பழுது யாது, தாங்கும் எடை எவ்வளவு, நிலையான பணி முடியும் நாள் எது, பொறுப்பாளர் யார் என்று அது சொல்லட்டும். பொதுச்சொத்து நம் அனைவர் கையிலும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காப்பவர் கணக்குச் சொல்லவும், பயன்படுத்துவோர் கணக்குக் கேட்கவும் கடமைப்பட்டவர்கள்.

மாணவச் செல்வங்களே! பாலத்தைக் கடக்கையில் கைப்பிடிச் சுவரின் வண்ணத்தோடு நின்றுவிடாது, கீழுள்ள தூணையும் நோக்குங்கள். கண்டதை நாளும் இடமும் குறித்து, மிகைப்படுத்தாது எழுதி, உரிய அலுவலகத்தில் கொடுங்கள். தெளிவான மனு ஒன்றை எழுதுவதும் தமிழ்ப் பயிற்சியே. அம்மனுவில் முதற் கையொப்பம் நம் ஊர்ப் பெரியோர்களுடையதாக இருக்கட்டும்!