வீடு யாருக்கு என்பதைக் கிராம சபையே தீர்மானிக்க வேண்டும்

அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பதினோராவது அட்டவணை வரிசைப்படுத்தியது. கிராமப்புற வீட்டு வசதி அவற்றுள் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஊராட்சிகளின் நிலை என்ன? எத்தனை வீடுகள், ஒரு வீட்டுக்கு எவ்வளவு தொகை, எவர் தகுதியுடையவர் என்பன அனைத்தும் புதுதில்லியில் முடிவாகின்றன. பிறர் வகுத்த பட்டியலைச் சரிபார்ப்பதும், அதில் இடம்பெறாதோரின் கோபத்தைத் தாங்குவதுமே ஊராட்சிக்கு எஞ்சியிருக்கின்றன.

2016இல் தொடங்கப்பட்ட பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் அமைப்பே இதற்குச் சான்று. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பே அதன் பட்டியலுக்கு அடிப்படை. வீடற்றோர் முதலிலும், அடுத்து ஓரறை, ஈரறைக் குடிசைவாசிகளும் என வரிசை அமைந்தது. கிராம சபை தகுதியற்றோரின் பெயரை நீக்கலாம். கணக்கெடுப்பில் விடுபட்டவரைச் சேர்க்கும் முடிவை அது தானே எடுக்க முடியாது. விடுபட்டோருக்கென 2018இல்தான் தனிக் கணக்கெடுப்பு தொடங்கியது. இரு சக்கர வண்டியோ குளிர்பதனப் பெட்டியோ வைத்திருந்தாலே தகுதி இழப்பு என்ற விதி 2024இல்தான் கைவிடப்பட்டது. தவணைக்கு வாங்கிய பழைய வண்டியில் கூலி வேலைக்குச் செல்பவர் ஏழையா இல்லையா என்பது அவருடைய ஊருக்குத் தெரியும். அந்த அறிவுக்குத் திட்டத்தில் இடமில்லை.

தொகையின் கதையும் இதுவே. சமவெளிப் பகுதிகளில் வீடொன்றுக்கு 1.20 இலட்சம் ரூபாய், மலைப்பகுதிகளில் 1.30 இலட்சம் ரூபாய் என 2016இல் நிர்ணயிக்கப்பட்டது. சமவெளி மாநிலங்களில் இதில் 40 விழுக்காட்டை மாநில அரசே ஏற்க வேண்டும். ஒன்றிய அரசின் பங்கு 72 ஆயிரம் ரூபாய் மட்டுமே. சிமெண்ட், கம்பி, மணல், கொத்தனார் கூலி யாவும் உயர்ந்த பின்னரும், மேலும் இரண்டு கோடி வீடுகளுக்கு 2024இல் ஒப்புதல் அளித்த மோடி அரசு அதே தொகையை நீட்டித்தது. பற்றாக்குறையை ஈடுகட்டப் பயனாளி கடன் வாங்குகிறார். அல்லது கூரை போடப்படாத சுவர்களுடன் வீடு நின்றுவிடுகிறது. மனையே இல்லாத குடும்பத்திற்கோ பட்டியலில் பெயர் இருந்தும் பயனில்லை.

அதே வேளையில், அதிகாரம் ஊராட்சிக்கு வந்துவிட்டாலே நீதி கிடைத்துவிடும் என்று கருதுவதும் பிழை. மேற்கு வங்கத்தின் அனுபவம் இதை உணர்த்துகிறது. 2022இன் இறுதியில் அம்மாநிலத்திற்கு 11 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் ஒதுக்கப்பட்டபோது, மாடி வீட்டுக்காரர்களின் பெயர்கள் பட்டியலில் இருப்பதாகவும் குடிசைவாசிகள் விடுபட்டதாகவும் மாவட்டந்தோறும் புகார்கள் எழுந்தன. சரிபார்க்க அனுப்பப்பட்ட ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள் மிரட்டலுக்கு உள்ளாகி, அப்பணிக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். கிராம சபை கூடாத ஊரில் பட்டியலை எழுதுவது ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பிரமுகரே. முறைகேட்டைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு நிதியை நிறுத்திவைத்தது. மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்து முதல் தவணையை வழங்கத் தொடங்கியது 2024 டிசம்பரில்தான். திரிணாமுல் காங்கிரசின் முறைகேட்டிற்கும் பாஜக அரசின் அரசியல் கணக்கிற்கும் விலை கொடுத்தவர்கள், எத்தவறும் செய்யாத ஏழைக் குடும்பங்களே.

மாற்று வழி உண்டென்பதைக் கேரளம் காட்டியது. 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குப் பகிரப்பட்டது. 2016இல் ஆட்சிக்கு வந்த இடது ஜனநாயக முன்னணி அரசின் லைஃப் திட்டம் அந்த அடித்தளத்தின் மீதே எழுந்தது. வீடொன்றுக்கு 4 இலட்சம் ரூபாய். மனையற்றோருக்குத் தனிப் பட்டியல். 2020இல் பெறப்பட்ட விண்ணப்பங்கள் நேரில் சரிபார்க்கப்பட்டன. வரைவுப் பட்டியல் வெளியிடப்பட்டது. இருநிலை மேல்முறையீட்டிற்குப் பின் கிராம சபைகள் விவாதித்தன. 2022இல் இறுதிப் பட்டியல் வெளியாயிற்று. காத்திருப்போரின் வரிசை நீளமானது, உள்ளாட்சிகள் ஹட்கோவிடம் கடன் வாங்க நேர்ந்தது என்பனவும் உண்மையே. எனினும், தம் பெயர் ஏன் இல்லை என்று கேட்கவும் விடை பெறவும் மக்களுக்கு ஓர் இடம் இருந்தது. மாநிலமும் உள்ளாட்சியும் பெரும்பங்கைச் செலவிட்ட வீடுகளிலும் தன் திட்டத்தின் சின்னத்தைப் பொறிக்குமாறு ஒன்றிய அரசு வற்புறுத்தியது. குடியிருப்போரின் கண்ணியத்தை முன்னிறுத்திக் கேரள அரசு அதை மறுத்தது. வீடு தானமன்று, உரிமை என்ற நிலைப்பாடே அம்மறுப்பின் பொருள்.

நகரங்களின் நிலை இதனினும் மோசம். மூன்று இலட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். பல நகரங்களில் அவை பெயரளவில்கூட இல்லை. குடிசைப் பகுதி மக்கள் தம் வீட்டு வசதி குறித்த முடிவை அறிவது, இடிக்கும் இயந்திரம் தெருமுனைக்கு வரும்போதுதான்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. வீட்டுத் தொகையைக் கட்டுமானச் செலவுக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். விடுபட்டோரைச் சேர்க்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்க வேண்டும். மனையற்றோருக்கு முதலில் மனை வழங்க வேண்டும். முறைகேடு செய்தோரைத் தண்டிக்க வேண்டுமேயன்றி, பயனாளிகளின் நிதியை முடக்கலாகாது. வார்டு குழுக்களை அமைத்து இயக்க வேண்டும்.

இக்கோரிக்கைகள் தீர்மானங்களில் மட்டும் இருந்தால் போதாது. கட்சிக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் தோழர்களும், கிராம சபைக் கூட்டத்திற்கு முன்பே வரைவுப் பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். விடுபட்ட குடும்பங்களை, குறிப்பாகத் தலித், பழங்குடிக் குடும்பங்களையும் தனித்து வாழும் பெண்களையும், வீடு வீடாகச் சென்று கண்டறிய வேண்டும். அவர்களைக் கூட்டத்திற்கு அழைத்து வந்து, அவர்களே பேசுவதை உறுதிசெய்ய வேண்டும். மேல்முறையீட்டு மனுவை எழுதுவதிலும் துணைநிற்க வேண்டும். தம்முடைய ஆதரவாளர் தகுதியற்றவரெனில் அப்பெயரை நீக்கச் சொல்லும் நேர்மையும் நம்மிடம் வேண்டும். அந்த நேர்மையில்தான் நம் கோரிக்கையின் வலிமை இருக்கிறது.