சோயா வயலுக்குத் தாள் போர்வை

தேனாம்பேட்டையில் இன்று ஏர் பூட்டுவார் எவருமிலர். ஆயினும் அண்டையிலுள்ள சைதாப்பேட்டையில் 1868-ஆம் ஆண்டு தொடங்கிய விவசாயப் பள்ளியே 1906-இல் கோயமுத்தூருக்குச் சென்று, 1971-இல் வேளாண்மைப் பல்கலைக் கழகமாயிற்று. கோ 1 முதலிய சோயா ரகங்களை அளித்ததும் அதுவே. ஆகவே சோயாவின் களையைப் பற்றி இங்கிருந்து நாம் எழுதுவது அத்துணைப் பொருத்தமற்றதன்று.

சோயாவுக்கு முதல் 30, 45 நாட்களே கண்டம். அதற்குள் களை முந்திக்கொண்டால் பயிர் மீளாது. இரு முறை கைக்களை எடுக்க வேண்டும். அந்நாட்களிலோ மழை விடுவதில்லை, விட்டால் ஆள் கிடைப்பதில்லை. மருந்து தெளிப்பதே கதி என்று பலர் துணிகின்றனர். வேறொரு வழியும் உண்டு.

பிரேசில் நாட்டின் பரனா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்னும் விவசாயி 1972-இல் உழாமலே சோயா விதைக்கத் தொடங்கினார். நாளடைவில் அப்பகுதியினர் ஓட்ஸ் பயிரை முன்னதாக வளர்த்து, உருளையால் சாய்த்து, அத்தாளின் ஊடே சோயாவை விதைக்கலாயினர். அமெரிக்காவில் ரை என்னும் தானியப் பயிரை இவ்வாறே படுக்க வைக்கின்றனர். வெளிச்சம் மறைவதால் களை விதைகளில் பெரும்பாலானவை முளைப்பதில்லை. முளைத்த சிறுகளையும் தாளைத் துளைக்க வலுவின்றி வெளுத்து மடிகிறது. சோயா விதையோ பருத்தது. முட்டி மேலே வந்துவிடும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மட்கும் தாள் மண்ணிலுள்ள தழைச்சத்தைச் சிறிது காலம் தன்பால் இழுத்துக்கொள்ளும். சோயா தன் வேர் முடிச்சுகளின் துணையால் காற்றிலிருந்தே அச்சத்தைத் தேடிக்கொள்ளும். பட்டினி கிடப்பது களையே. நெல்லுக்கோ பருத்திக்கோ இச்சலுகை இல்லை.

இதனைப் படித்தவுடன் வைக்கோற்போரைப் பிரித்து வயலில் கொட்டிவிட வேண்டாம். அது மாட்டின் உணவு. மேலும், மெல்லப் பரப்பிய தாள் ஒன்றுக்கும் உதவாது. உலர்ந்த தாள் ஏக்கருக்கு 3 டன்னுக்கு மேல் இருந்தால்தான் களை நன்கு அடங்குகிறது என்பது அமெரிக்க அநுபவம். அவ்வளவையும் எங்கிருந்து சுமப்பது? தாள் கிடக்க வேண்டிய நிலத்திலேயே அது விளைய வேண்டும். நாருக்கும் தழைக்கும் பேர்போன சணப்பு விரைவில் மட்கிவிடும். கம்பும் சோளமும் நின்று காக்கும். ஆனால் அவை மறுதாம்பு விடக்கூடியவை. எப்பருவத்தில் சாய்த்தால் எழுவதில்லை என்பதை நம் மண்ணில் பார்த்தே அறிய வேண்டும். தாமதித்தாலோ, உதிரும் மணியே களையாகும். கோரைக் கிழங்கு எந்தப் போர்வைக்கும் அஞ்சாது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மானாவாரி நிலத்தில் முன்பயிர், சோயாவுக்குரிய ஈரத்தையும் குடித்துவிடும். ஆகையால் பாசன வசதியுள்ள அங்கத்தினர் முதலில் அரை ஏக்கரில் பார்க்கட்டும். அந்த அரை ஏக்கரின் நஷ்டம் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் விழுதல் நியாயமன்று. சங்கம் எதற்கு இருக்கிறது? பயிர்க் கடனில் உரத்துக்கு இடமிருப்பது போல முன்பயிர் விதைக்கும் இடம் வேண்டும். சாய்க்கும் உருளையைச் சங்கமே செய்வித்து வாடகைக்கு விட வேண்டும். அது பெரிய இயந்திரமன்று. உருளைமேல் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்து ஊர்ப் பட்டறையிலேயே செய்யக் கூடியது. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைக்கும்படி அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.