ரயில் தண்ணீரும் மாடித் தண்ணீரும்

2018-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர்!

இத்தனைக்கும், எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழக அரசு 2003-லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனால், பல வீடுகளில் குழாய் உடைந்தும் குழி தூர்ந்தும் கிடந்தன.

ஒரு கணக்குப் போடுவோமா? 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் மொட்டை மாடி 100 சதுர மீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் மழைக்கு 10,000 லிட்டர். சிதறியதும் வீணானதும் போக 8,000 லிட்டராவது மிஞ்சும். இப்படி 313 வீடுகள் சேர்ந்தால் ஒரு ரயில் தண்ணீர்!

சரி, எவ்வளவு பெரிய தொட்டி கட்டலாம்? மழை அளவை மட்டும் பார்க்காதீர்கள். மழை இல்லாத நாட்களை எண்ணுங்கள். குடிக்க, சமைக்க ஒருவருக்கு தினம் 10 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு 40 லிட்டர். ஜனவரி முதல் மே வரை சுமார் 150 நாட்கள். ஆக, 6,000 லிட்டர் தொட்டி போதும். மீதியைக் கிணற்றுக்கோ, கசிவுநீர்க் குழிக்கோ அனுப்புங்கள். நிலத்தடி நீர் உயரும்.

முதல் மழையை வெளியே விட்டு மாடியைக் கழுவுங்கள். பிறகு வடிகட்டிச் சேமியுங்கள். தொட்டியை இறுக மூடுங்கள். காய்ச்சிக் குடியுங்கள்.

முதலில், உங்கள் மாடியை அளந்து பார்ப்பீர்களா?