வெப் ஆப் உருவாக்க எந்த மொழி?

கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் பலரும் கேட்கும் கேள்வி: பி.ஹெச்.பி-யா, பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா?

பி.ஹெச்.பி பழசு என்பார்கள். 1995-ல் வந்ததுதான். ஆனால், விக்கிப்பீடியாவும் வேர்ட்பிரஸும் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. குறைந்த வாடகை ஹோஸ்டிங்கே அதற்குப் போதும். டேட்டா, ஏ.ஐ பக்கம் போகும் எண்ணமிருந்தால் பைத்தான் கைகொடுக்கும். இன்ஸ்டாகிராம் வளர்ந்ததே பைத்தானின் ஜாங்கோவில்தான்.

ஆனால், எதை எடுத்தாலும் பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் நகர முடியாது. 2009-ல் நோட்.ஜேஎஸ் வந்தபின் சர்வரையும் அதிலேயே எழுதலாம். ஒரு மொழிக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் இதில் தொடங்குங்கள்.

லாகின், டேட்டாபேஸ் உள்ள ஒரு சின்ன ஆப்பையாவது முழுதாக முடியுங்கள். அதன்பின் அடுத்த மொழி சீக்கிரம் பிடிபடும். இன்டர்வியூவில் காட்டவும் கையில் ஒன்று இருக்கும்!