சாத்தூர் புகட்டும் பாடம்

சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 2018-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி, இரத்தசோகையால் நலிந்த ஒரு கர்ப்பிணி ஸ்திரீக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி சர்க்கார் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. பரிகாரம் தேடிச் சென்ற ஏழைப் பெண் ஆயுள் முழுவதும் மருந்துண்ண வேண்டிய வியாதியைப் பெற்று மீண்டாள். வருஷங்கள் பல சென்றன. ஜனங்களின் ஆத்திரமும் அடங்கிவிட்டது. ஆனால் அச்சம்பவம் புகட்டிய பாடத்தை நாம் கற்றுக்கொண்டோமா?

அவ்விரத்தத்தைக் கொடுத்தவர் பத்தொன்பது வயது வாலிபர். 2016-ம் வருஷம் அவர் இரத்ததானம் செய்தபோதே கிருமி இருப்பது சோதனையில் தெரிந்திருந்தது. ஆனால் அச்செய்தி அவரை எட்டவில்லை. தாம் ஆரோக்கியமாயிருப்பதாக நம்பியே 2018 நவம்பர் 30-ந் தேதி அவர் மறுபடியும் கை நீட்டினார். இம்முறை சோதனையும் பொய்த்து, இரத்தம் தூயதென்று முத்திரை பெற்றது. வெளிநாட்டு உத்தியோகத்துக்காக வேறிடத்தில் பரிசோதித்துக்கொண்டபோதுதான் அவர் உண்மையை அறிந்தார். அறிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தாமே தெரிவித்தார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. அவ்வாலிபர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்து, டிசம்பர் 30-ந் தேதி மதுரையில் இறந்தார். இவ்விவகாரத்தில் சொல்லவேண்டியதை உடனே சொன்னவர் அவர் ஒருவரே!

கருவி இல்லாமையாலா இத்தீங்கு விளைந்தது? 2016-ல் கருவி இருந்தது, சோதனை நடந்தது, முடிவும் தெரிந்தது. தெரிந்த உண்மை உரியவரிடம் போய்ச் சேரவில்லை. எச்.ஐ.வி. உள்ளோரின் இரகசியத்தைக் காக்க 2017-ல் இயற்றப்பட்ட சட்டம் 2018 செப்டம்பர் 10-ந் தேதி அமுலுக்கு வந்தது. நல்ல சட்டம். ஆனால் இரகசியம் அயலாரிடம் காக்கத்தக்கது. உரியவருக்கே சொல்லாமல் விடுவதற்கு இரகசியமென்று பெயரல்ல, அலட்சியமென்றே பெயர்.

பின்னர் மூன்று ஆய்வுக்கூடச் சிப்பந்திகள்மீது நடவடிக்கை எடுத்தார்கள். அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்கும்படி ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2019-ல் உத்தரவிட்டது. 2019 ஜனவரியில் பிறந்த குழந்தையைக் கிருமி தொற்றாதது ஒன்றே ஆறுதல். ஆனால் கீழ்ச்சிப்பந்திகளைத் தண்டித்துவிட்டு மேலே உள்ளோர் கை கழுவிவிடலாமா? பிரிட்டனில் அசுத்த இரத்தத்தாலும் இரத்த மருந்துகளாலும் 30,000-க்கு மேற்பட்டோர் நோயுற்ற விவகாரத்தை விசாரித்த கமிஷன் 2024 மே மாதம் தன் அறிக்கையை வெளியிட்டது. பல்லாண்டுகள் உண்மை மறைக்கப்பட்டதே அத்தீங்கைப் பெருக்கியதென்று அது கண்டது. முதல் தவறை விட மௌனம் கொடிது.

விருதுநகர் ஜில்லாவுக்கு இது விசேஷமாய்ப் பொருந்தும். பட்டாசும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கும் பெண்களுக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் கூலி நஷ்டம். இரத்தசோகை ஓரிரவில் தோன்றும் வியாதியன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைக் கண்டு, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக உண்ணச் செய்தால், பலருக்கு இரத்தம் ஏற்றும் அவசியமே நேராது. மலம் கறுக்கும், வயிறு புரட்டும், தேநீரோடு உண்டால் பலன் குறையும் என்பவற்றை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அவள் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவாள். மாத்திரையைக் கையில் கொடுத்து, "போம்மா, அடுத்த ஆள்" என்பது வைத்தியமாகாது. மேலும் இது வெடிவிபத்துக்களின் பூமி. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ந் தேதி நேர்ந்த கோரத்தை யார் மறப்பர்? இங்கே இரத்த வங்கியின்மீது ஜனங்களுக்கு நம்பிக்கை குன்றினால், காயமுற்ற தொழிலாளிக்கு இரத்தம் கொடுக்க யார் முன்வருவர்?

ஆகவே நாம் சர்க்காரிடம் கோருவன இவை. இரத்தம் கொடுப்போரின் சோதனையில் தோஷம் கண்டால், அவரை நேரில் அழைத்துத் தனியே, தக்க ஆறுதலோடும் சிகிச்சைக்கு வழிகாட்டியும் சொல்லவேண்டும். சொன்னதற்கு அத்தாட்சி இருக்கவேண்டும். அவர் மீண்டும் தானம் செய்ய வந்தால், எந்த வங்கியிலும் அது உடனே தெரியும்படி ஏற்பாடு வேண்டும். எந்த நோயாளிக்கும் என்ன கொடுக்கிறோம், ஏன் கொடுக்கிறோம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் புரிந்துகொண்டாரா என்று கேட்டறிய வேண்டும். தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் தெரிவிக்கவேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நோயாளிகள் அதிகமாயும் வைத்தியர்கள் சிலராயும் இருப்பதை நாம் அறிவோம். அதற்கு வேண்டிய நர்ஸுகளையும் ஆலோசகர்களையும் நியமிப்பது சர்க்காரின் பொறுப்பு. ஊர்தோறுமுள்ள தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபையில் சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்கும்போது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் பெண்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதையும் எழுந்து கேளுங்கள். அந்நிய ஆட்சியில் ஆஸ்பத்திரி வாசலில் பிரஜை கைகட்டி வாய்பொத்தி நின்றான். சுயராஜ்யத்திலும் அவன் அப்படியே நிற்பானாகில், அது நமக்கு வெட்கமல்லவா?